மனைவி பெயரில் நிலம், என் பெயரில் என்ன?

தாய்லாந்தின் வடகிழக்கில் இருக்கும் கோன் கென் ஊரிலிருந்து காரில் நாற்பது நிமிடம் போனால் என் மாமியார் வீடு. வீட்டை ஒட்டினாற்போல 2 ஙான் காலி மனை. (ங வரிசைக்கு உருப்படியான ஒரு பயனை நான் கண்டது இந்த நாட்டில்தான். ஒரு ஙான் 400 சதுர மீட்டர், நாலு ஙான் சேர்ந்தால் ஒரு ராய். ஆக 2 ஙான் என்பது நம் கணக்கில் சுமார் 20 சென்ட்.) கொஞ்சம் வாழை, இரண்டு மாமரம், கோழிகள். "இங்கேயே கட்டிக்கொள்ளுங்கள்" என்று மாமியார் மூன்று வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். மனைவிக்கோ பேங்காக்கில் ரயில் பாதைக்குப் பக்கமாக ஒரு கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு, வாங்கிவிட வேண்டும் என்று ஆசை. கையில் இருக்கும் பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் வரும்.

சரி, எது என்று பார்க்கலாம் என மூன்று மாதம் உட்கார்ந்தேன். சட்டத்தைப் படித்தேன், ஒரு வக்கீலிடம் காசு கொடுத்துக் கேட்டேன், நில அலுவலகத்தில் இரண்டு முறை போய் நின்றேன். அதில் தேறியதை எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை, பணம் போடப் போகிறவன், அவ்வளவுதான். இன்னொன்று, "தாய் மனைவி" என்று எழுதினால் தமிழில் விபரீதமாகப் படும் என்பதால் மனைவி என்றே எழுதிவிடுகிறேன், நாடு எது என்று உங்களுக்கே தெரியும்.

அடிப்படை விதியில் குழப்பமே கிடையாது. தாய்லாந்தில் வெளிநாட்டவர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆக முடியாது. 1954ஆம் வருட நிலச் சட்டத்தின் 86ஆம் பிரிவு, நாடுகளுக்கிடையே ஒப்பந்தம் இருந்தால் வாங்கலாம் என்று ஒரு வாசலை வைத்திருந்தது. அந்த ஒப்பந்தங்களை 1970இல் முடித்துவிட்டார்கள். வாசல் சட்டத்தில் இன்னும் இருக்கிறது, அதற்குப் பின்னால் சுவர்தான். கல்யாணம் செய்துகொண்டால் சலுகை உண்டு என்று நம் ஆட்களில் பாதிப் பேர் நம்புகிறார்கள். ஒரு சலுகையும் கிடையாது. சொல்லப்போனால் 1999க்கு முன்பு, வெளிநாட்டுக்காரரைக் கட்டிய பெண்ணுக்கே நிலம் வாங்கும் வழி அடைபட்டிருந்தது. 1999இல்தான் உள்துறை அமைச்சகம் இறங்கி வந்தது, அதுவும் ஒரு நிபந்தனையோடு: வாங்கும் பணம் முழுக்க மனைவியின் தனிச்சொத்து, அதில் கணவனுக்குப் பங்கில்லை என்று இருவரும் சேர்ந்து எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அந்தத் தாளில் நான் ஏற்கெனவே ஒரு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு மனைவி ஊர் ஓரமாக ஒரு சின்ன மனை வாங்கினாள். நில அலுவலகத்தில் வரிசை எண் எடுத்து இரண்டு மணி நேரம் காத்திருந்து, எங்கள் முறை வந்ததும் அங்கே இருந்த அதிகாரி அம்மாள் ஒரே பக்கத்தில் தாய்லாந்து மொழியில் அச்சான தாளை என் பக்கம் திருப்பி வைத்து, பேனாவால் ஒரு கோட்டைக் காட்டினார். "என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்ததா?" என்று மனைவியைத்தான் கேட்டார், என்னையல்ல. மனைவி தலையாட்டினாள், அவளைப் பார்த்து நானும் ஆட்டினேன். பத்து விநாடிதான். அந்தப் பத்து விநாடியில் நான் எதை விட்டுக்கொடுத்தேன் என்பது வீட்டுக்கு வந்து படித்தபோதுதான் உறைத்தது.

இந்த நாட்டுக் குடும்பச் சட்டத்தில் இரண்டு வகைச் சொத்து உண்டு. சின் சுவான் துவா என்றால் அவரவர் தனிச்சொத்து: கல்யாணத்துக்கு முன்பு இருந்தது, கல்யாணத்துக்குப் பிறகு உயிலாலோ தானமாகவோ வந்தது. சின் சோம்ரோட் என்றால் கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்த்தது. பிரிந்தால் இரண்டாவது வகை மட்டும் சரிபாதியாகும். சாதாரணமாக, கல்யாணத்துக்குப் பிறகு வாங்கும் எதுவும் இந்தப் பொதுச்சொத்தில்தான் போய் விழும். அந்தத் தாள் செய்யும் வேலை, நிலத்தை இங்கேயிருந்து தூக்கி அவளுடைய தனிச்சொத்தில் வைத்துவிடுவது. பணம் உண்மையில் யார் கொடுத்தார் என்ற பேச்சைப் பிற்பாடு கிளப்பினால், "நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே" என்பதுதான் முதல் பதிலாக வரும். அதற்கு மேலே போனால், அரசு அதிகாரியிடம் பொய் எழுதிக் கொடுத்ததாகவும் ஆகும்.

எனக்கு மனைவி மேல் சந்தேகம் எதுவும் இல்லை. ஆனால் சொத்து விஷயத்தில் சந்தேகப்பட வேண்டியது ஆளை அல்ல, காலத்தை. அதனால் ஒவ்வொரு வழிக்கும் ஒரே மூன்று கேள்வி வைத்துக்கொண்டேன்: பிரிந்தால் என்ன, அவள் முந்திப் போனால் என்ன, நான் முந்திப் போனால் என்ன. (மூன்றாவது கேள்வியை அவள்தான் சேர்த்தாள். முதலிரண்டை நான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, "உன் பக்கம் மட்டும்தான் யோசிப்பாயா?" என்றாள்.)

அவள் பெயரில் வாங்கி, அப்படியே விட்டுவிடுவது

இதுதான் பெரும்பாலோர் செய்வது. செலவு குறைவு, வேலை சுலபம், சனோட்டில் அவள் பெயர் ஏறிவிடும். சனோட் என்பது இங்கே முழு உரிமைப் பத்திரம், மேலே சிவப்புக் கருட முத்திரை இருக்கும். பச்சைக் கருடன், கறுப்புக் கருடன் எல்லாம் அதைவிடக் கீழ்ப்படி ஆவணங்கள். ஈசான் பக்கம், அதாவது இந்த வடகிழக்கில், நிலம் பார்ப்பவர்கள் முதலில் கருடன் நிறத்தைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் அங்கே ஏராளமான நிலம் சோ போ கோ வகை, அதாவது விவசாயிகளுக்கு அரசு ஒதுக்கிய நிலம், அதை விற்கவே கூடாது, வாரிசுக்குத்தான் போகும். "மலிவாக வருகிறது" என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் தோன்றுவது இதுதான்.

பிரிந்தால் நிலம் அவளுடையது, பேச்சே இல்லை. நான் முந்திப் போனால் எதுவும் மாறாது. அவள் முந்திப் போனால்தான் பலரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் இடம் வருகிறது. வெளிநாட்டுக் கணவனுக்கு ஒன்றுமே கிடைக்காது என்பது தவறு. கணவன் சட்டப்படி வாரிசுதான். உயில் இல்லையென்றால், என் வீட்டு நிலவரப்படி நான், மகள், மாமியார் மூவருக்கும் சம பங்கு. ஆனால் நிலத்தை என் பெயருக்கு மாற்ற அமைச்சரின் அனுமதி வேண்டும், நடைமுறையில் அது கிடைப்பதில்லை. அப்புறம் 94ஆம் பிரிவு வரும்: 180 நாளுக்குக் குறையாமல் ஒரு வருடத்துக்கு மிகாமல் ஒரு கெடு கொடுப்பார்கள், அதற்குள் விற்றுவிட வேண்டும், இல்லையென்றால் நிலத் துறையே விற்கும். விற்ற பணம் என் பங்குக்கு வரும். பணம் வரும், வீடு போகும். அதுவும் கெடு வைத்து விற்கும் நிலத்துக்கு என்ன விலை கிடைக்கும் என்பது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

முப்பது வருடக் குத்தகை

நிலம் அவள் பெயரில், அவளிடமிருந்து நான் 30 வருடத்துக்குக் குத்தகை. கேட்க நன்றாக இருக்கும். 30 வருடம்தான் சட்டம் அனுமதிக்கும் உச்சம். 3 வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிய வேண்டும், பதியாவிட்டால் 3 வருடத்துக்குத்தான் செல்லும். பதிவுக் கட்டணமும் முத்திரைத் தீர்வையும் சேர்ந்து மொத்தக் குத்தகைத் தொகையில் 1.1 சதவீதம். "முப்பது, இன்னொரு முப்பது, அதற்கு மேல் இன்னொரு முப்பது" என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். முதல் முப்பதுதான் பத்திரத்தில் ஏறும், மற்றதெல்லாம் வாய்வார்த்தைக்குக் கொஞ்சம் மேலே. நிலம் கை மாறினால் புது உரிமையாளரை அது கட்டாது.

ஆனால் கணவன் மனைவிக்குள் குத்தகை போடுவதில் உள்ள ஓட்டை இதைவிடப் பெரிது. சிவில் சட்டத்தின் 1469ஆம் பிரிவு. கல்யாண வாழ்க்கையின்போது கணவனும் மனைவியும் தங்களுக்குள் போட்ட எந்தச் சொத்து ஒப்பந்தத்தையும், இருவரில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். திருமணம் முறிந்த பிறகும் ஒரு வருடம் வரை செய்யலாம். இடையில் நல்லெண்ணத்தோடு நுழைந்த மூன்றாம் ஆளின் உரிமை மட்டும் கெடாது. அதாவது ஒப்பந்தம் எதற்குத் தேவைப்படுமோ, அந்தச் சண்டை நாளில் அதைக் கிழித்துப் போட்டுவிடலாம். மழை வந்ததும் கரையும் குடை. நான் பேசிய வக்கீல் ஒரு மணி நேரத்தில் சொன்ன மற்ற எல்லாவற்றையும் மறந்தாலும் இந்த எண்ணை மறக்க மாட்டேன்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கையில் வெள்ளை நூல் கட்டி, ஊரைக் கூட்டிச் சாப்பாடு போட்டு நடக்கும் கல்யாணம் சட்டத்தின் கண்ணில் கல்யாணமே இல்லை. வட்ட அலுவலகத்தில் பதிந்தால்தான் கணவன் மனைவி. ஆகவே நூல் கட்டியாகிவிட்டது, பதிவு இன்னும் இல்லை என்ற நிலையில் இருப்பவர்கள், எந்த உரிமையை எழுதுவதாக இருந்தாலும் பதிவுக்கு முன்பே எழுதி நில அலுவலகத்தில் ஏற்றிவிட வேண்டும். பிறகு கல்யாணத்தைப் பதிந்துகொள்ளலாம். 1469 கல்யாணத்துக்குப் பிறகு எழுதியதைத்தான் தொடும். சொத்தைப் பற்றிய முன் ஒப்பந்தமும் அப்படித்தான், கல்யாணத்தைப் பதியும் அதே நேரத்தில் பதிய வேண்டும், அப்புறம் போய்க் கேட்டால் நடக்காது. எனக்கு அந்த வண்டி போய் ஒன்பது வருடம் ஆகிறது. 2025 ஜனவரி 23 முதல் ஒரே பாலினத் தம்பதிகளும் பதிந்துகொள்ள முடிகிறது, அவர்களுக்கும் இந்தக் கணக்கு அப்படியே.

சித்தி கெப் கின்

முதல் தடவை இந்தப் பெயரைக் கேட்டபோது யாருடைய சித்தி என்று சிரித்துவிட்டேன். சித்தி என்றால் உரிமை, கெப் என்றால் பறித்துச் சேர்ப்பது, கின் என்றால் சாப்பிடுவது. பறித்துச் சாப்பிடும் உரிமை. நம் ஊர் செட்டில்மெண்ட் பத்திரங்களில் "ஆயுள் பரியந்தம் ஆண்டு அனுபவித்துக்கொண்டு" என்று எழுதுவார்களே, கிட்டத்தட்ட அதேதான். நிலம் வேறொருவர் பெயரில் இருக்கும், அதில் குடியிருக்கவும் விளைவதை எடுத்துக்கொள்ளவும் வாடகைக்கு விடவும் உரிமை எனக்கு. ஆயுள் முழுக்க எழுதலாம், அல்லது 30 வருடம் வரை எழுதலாம். நான் இறந்தால் அன்றோடு சரி, வாரிசுக்குப் போகாது. காசு வாங்காமல் கொடுக்கும் உரிமை என்றால் பதிவுச் செலவு பெரிதாக இல்லை, ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவுதான்.

இதன் பலம் எங்கே இருக்கிறது என்றால், சனோட்டின் பின்பக்கத்தில். இங்கே வில்லங்கச் சான்று என்று தனியாக அலைய வேண்டியதில்லை. பத்திரத்தின் பின்னாலேயே ஒரு கட்டம் போட்ட பட்டியல் இருக்கும், என்ன தேதியில் என்ன பதிவு, யார் கொடுத்தது, யார் வாங்கியது, அதிகாரி கையெழுத்து, எல்லாம் வரிசையாக. ஒரு பிரதி உரிமையாளரிடம், ஒரு பிரதி நில அலுவலகத்தில். என் உரிமை அதில் ஏறிவிட்டால், நிலத்தை வாங்க வருகிறவன் திருப்பிப் பார்த்ததும் தெரிந்துவிடும். சட்டப்படி விற்கலாம்தான், உள்ளே உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையோடு சேர்த்து யார் வாங்குவார்கள்?

ஆனால் இதுவும் மனைவி எனக்குக் கொடுத்தால் அதே 1469 வந்து நிற்கும். இங்கேதான் மாமியார் மனைக்கு மதிப்பு வருகிறது. அது மனைவி பெயரில் இல்லை, மாமியார் பெயரில் இருக்கிறது. மாமியாரும் நானும் கணவன் மனைவி இல்லையே. அவர் எனக்கு நேரடியாக உரிமை எழுதிக் கொடுத்தால் 1469 பக்கத்திலேயே வராது. எழுதிய பிறகு அவர் மகளுக்கு நிலத்தைத் தானமாகக் கொடுக்கலாம், என் உரிமையைச் சுமந்துகொண்டே நிலம் அவளிடம் போகும். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுக்கும் தானத்துக்கு மாற்றுக் கட்டணம் 0.5 சதவீதம்தான், விற்பனை என்றால் 2. தானமாக வருவது எப்படியும் அவளுடைய தனிச்சொத்து, ஆகவே பணம் என்னுடையது இல்லை என்று மறுபடியும் பொய்யோ மெய்யோ எழுத வேண்டிய அவசியமும் இல்லை. வரிசை மட்டும் மாறக் கூடாது. முதலில் எனக்கு உரிமை, பிறகு அவளுக்கு நிலம். தலைகீழாகச் செய்தால் எல்லாம் வீண்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பதிவுக்கு நில அலுவலகத்துக்கு நில அலுவலகம் பழக்கம் மாறுகிறது. வெளிநாட்டவர் என்றதும் தயங்கி, மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்று இரண்டு வாரம் இழுக்கிற இடமும் உண்டு. முன்கூட்டியே போய்க் கேட்டு, என்ன தாள் வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு வருவது நல்லது.

இதற்குத் தம்பி மாதிரி இன்னொன்று, தரைமேல் உரிமை. நிலம் அவர்களுடையது, மேலே இருக்கும் கட்டடம் என்னுடையது. வெளிநாட்டவர் நிலத்துக்குத்தான் சொந்தக்காரர் ஆக முடியாது, கட்டடத்துக்கு ஆகலாம். 30 வருடத்துக்கு எழுதினால் இது வாரிசுக்கும் போகும், கைமாற்றவும் செய்யலாம், அந்த வகையில் முந்தையதைவிடக் கெட்டி. கட்டட அனுமதியும் ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்த ரசீதும் என் பெயரில் இருக்க வேண்டும். பலர் நீல நிற வீட்டுப் புத்தகத்தையோ வெளிநாட்டவருக்குத் தரும் மஞ்சள் புத்தகத்தையோ காட்டி "வீடு என் பேரில்" என்பார்கள். அது முகவரிப் பதிவு மட்டும், ரேஷன் கார்டில் பெயர் இருப்பது மாதிரி. அப்புறம் ஒன்று, என் பெயரில் கட்டினாலும் கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்த பணத்தில் கட்டினால் வீடு பொதுச்சொத்துதான், பிரிந்தால் பாதி. அது நியாயம்தானே.

2019இல் சப் இங் சித் என்று புதிதாக ஒரு உரிமையும் கொண்டு வந்தார்கள். 30 வருடம் வரை, விற்கலாம், அடமானம் வைக்கலாம், வாரிசுக்குக் கொடுக்கலாம். தாளில் மற்ற எல்லாவற்றையும்விட அழகு. முழுப் பத்திரத்துக்கும் சேர்த்துத்தான் எழுத முடியும், ஒரு மூலைக்கு மட்டும் முடியாது. எங்கள் தேவைக்கு இது அதிகம் என்று விட்டுவிட்டேன்.

கொண்டோ

என் பெயரிலேயே, யாருடைய தயவும் இல்லாமல், முழு உரிமையோடு வாங்கக் கூடியது இது ஒன்றுதான். 1979ஆம் வருடச் சட்டப்படி ஒரு கட்டடத்தில் உள்ள குடியிருப்புப் பரப்பில் 49 சதவீதம் வரை வெளிநாட்டவர் வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில் இடம் மிச்சம் இருக்கிறதா என்று கட்டட நிர்வாகத்திடம் கடிதம் வாங்க வேண்டும், கூடவே பழைய உரிமையாளருக்குப் பராமரிப்புப் பாக்கி இல்லை என்ற கடிதமும்.

நான் மாட்டிக்கொண்டது பணத்தில். எட்டு வருடமாகப் பேங்காக்கில் சம்பளம் வாங்குகிறேன், வரி கட்டுகிறேன், வங்கியில் இந்த நாட்டுப் பணமான பாத்தாகச் சேமிப்பு இருக்கிறது. அந்தப் பாத்தை வைத்து என் பெயரில் கொண்டோ வாங்க முடியாது! நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இல்லாத வெளிநாட்டவர், வெளிநாட்டு நாணயமாகப் பணத்தைக் கொண்டுவந்து இங்கே பாத்தாக மாற்றியதற்கு வங்கித் தாள் காட்ட வேண்டும். இங்கே சம்பாதித்தது வேண்டாம், வெளியே இருந்து வந்தது வேண்டும். முதலில் நம்பவில்லை, வங்கிக்காரரிடம் இரண்டு தடவை கேட்டேன், சிரித்தார். நல்லவேளையாக முன்பு சிங்கப்பூரில் வேலை செய்தபோது சேர்த்தது டாலராகவே அங்கே கிடக்கிறது. ஊரிலிருந்து பணம் வரவழைப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சம் ஒரு நிதியாண்டுக்கு ஒருவருக்கு 2,50,000 அமெரிக்க டாலர். எப்படி அனுப்பினாலும் ஊரிலேயே பாத்தாக மாற்றி அனுப்பாதீர்கள், டாலராக வந்து இங்கே மாற வேண்டும், காரணம் என்று "கொண்டோ வாங்க" எனக் குறிப்பிட வேண்டும்.

மூன்று கேள்விக்கும் கொண்டோ நன்றாகவே பதில் சொல்கிறது. பிரிந்தாலும் பாதிக்கு மேல் போகாது. நான் போனால் அவளும் மகளும் எடுத்துக்கொள்வார்கள், அவர்கள் இந்த நாட்டுக் குடிகள், சிக்கலே இல்லை. அவள் போனால் நான் அங்கேயே இருக்கலாம். பிறகு ஏன் கண்ணை மூடிக்கொண்டு இதை எடுக்கவில்லை என்றால், 35 சதுர மீட்டருக்குள் மூன்று பேர் வாழ்ந்து பார்த்தவன் என்பதால். எங்கள் பணத்துக்கு ரயில் பாதைக்குப் பக்கத்தில் அதுதான் கிடைக்கும். பழைய கொண்டோவை விற்பது எவ்வளவு மெதுவான காரியம் என்பதற்கு, நாங்கள் வாடகைக்கு இருக்கும் கட்டடத்தின் மின்தூக்கியில் ஒட்டியிருக்கும் விற்பனை அறிவிப்புகளே சாட்சி. அதே தாள், அதே தொலைபேசி எண், வருடம் திரும்பினாலும் மாறவில்லை, விலையை மட்டும் பேனாவால் அடித்துக் குறைத்திருக்கிறார்கள்.

மற்ற வழிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். கம்பெனி ஆரம்பித்து அதன் பெயரில் நிலம் வாங்குவது: 51 சதவீதப் பங்கைப் பெயருக்கு உள்ளூர்க்காரர்களிடம் வைத்துவிட்டு நிஜத்தில் நாமே நடத்துவது பினாமி, ஜெயில் வரை போகும் குற்றம், யார் சிபாரிசு செய்தாலும் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். 4 கோடி பாத் முதலீடு செய்தால் குடியிருக்க ஒரு ராய் வாங்கலாம் என்று ஒரு விதி இருக்கிறது, 4 கோடி இருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். 2022 அக்டோபரில் அதைக் கொஞ்சம் தளர்த்தப் பார்த்தார்கள், நாட்டை விற்கிறார்கள் என்று கூச்சல் எழுந்து நவம்பரிலேயே திரும்பப் பெற்றார்கள். நிலம் என்றால் எந்த நாட்டிலும் இப்படித்தான். மகள் பெயரில் வாங்கலாம், அவள் இந்த நாட்டுப் பிரஜை. ஆனால் அவளுக்கு வயது வரும்வரை விற்கவோ அடகு வைக்கவோ 3 வருடத்துக்கு மேல் குத்தகைக்கு விடவோ நீதிமன்ற அனுமதி வேண்டும். நாமே குடியுரிமை வாங்கிவிட்டால் எல்லாம் தீர்ந்தது, ஆனால் இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது, நீலக் கடவுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இலங்கைக்காரர்கள் அங்கே விண்ணப்பித்து இரண்டையும் வைத்துக்கொள்ள வழி உண்டு, அவர்களுக்கு இது யோசிக்க வேண்டிய விஷயம். நான் இன்னும் அந்த அளவுக்குத் தயாராகவில்லை.

ஆக எனக்கு மிஞ்சியது இரண்டு. மாமியார் மனையில் ஆயுள் உரிமையோடு வீடு, அல்லது கொண்டோ.

இதில் சட்டத்தைவிடக் குடும்பம்தான் நேரத்தை எடுத்தது. மாமியாருக்கு ஒரு மகனும் உண்டு. மகள் பெயருக்கு மனை போவதில் அவனுக்கு வருத்தம் இருக்குமோ என்று நான்தான் தயங்கினேன். ஈசான் வழக்கப்படி பெற்றோர் வீடு பெரும்பாலும் கடைசி மகளுக்குப் போகும், அவள்தான் அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்வாள், மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பதுதான் முறை. நம் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் சிரிப்பார்கள், அங்கே அதுதான் மரியாதை. (மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குச் சின்சோட் என்று பணம் கொடுக்க வேண்டும் என்பதை என் அம்மாவுக்கு விளக்கவே எனக்கு ஒரு வாரம் ஆகியிருந்தது.) மச்சான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "மாமரம் இருக்கும்தானே?"

மாமியாரிடம் நான் பேசவில்லை, மனைவிதான் பேசினாள். நான் அவரை "மே" என்று கூப்பிடுகிறேன், அம்மா என்று அர்த்தம். "உங்கள் நிலத்தில் எனக்கு உரிமை எழுதிக் கொடுங்கள்" என்று அம்மாவிடம் எப்படிக் கேட்பது? ஆனால் அவர் அதை மிகச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார். மகள் நாளைக்கு இல்லையென்றால் பேத்தியோடு மாப்பிள்ளை எங்கே போவார் என்று அவரே கேட்டாராம். நான் மூன்று மாதம் படித்ததை அவர் ஒரு கேள்வியில் முடித்துவிட்டார்.

முடிவு இதுதான். மனையில் எனக்கு ஆயுள் உரிமை, அது பதிந்த பிறகு மனை மனைவிக்குத் தானம், அவள் தன் சொத்தை மகளுக்கு உயில் எழுதிவிடுவாள். அப்படிச் செய்தால் அவள் முந்திப் போனாலும் என் பங்கு, அமைச்சர் அனுமதி, ஒரு வருடக் கெடு என்ற பேச்சே எழாது. நிலம் மகளுக்கு, இருப்பு எனக்கு. தரைமேல் உரிமையை எடுத்தால் வீட்டுக்கு வாரிசுரிமை கிடைத்திருக்கும், ஆனால் என் வாரிசும் நிலத்தின் வாரிசும் ஒரே பெண்தான் என்பதால் அந்தக் கூடுதல் பலம் எனக்குத் தேவைப்படவில்லை. இரண்டாம் கல்யாணம், முதல் கல்யாணத்துப் பிள்ளைகள் என்று இருப்பவர்களுக்கு என் கணக்கு பொருந்தாது, அவர்கள் தரைமேல் உரிமையைத்தான் பார்க்க வேண்டும். வீடும் பெரிதாக இல்லை, ஒரே தளம், இங்கே சேமித்த பாத்துக்குள் முடிகிற அளவு. பிரிந்தால் அதில் பாதி போகலாம், மொத்தமுமே போகலாம், அதைத் தெரிந்துதான் போடுகிறேன். கொண்டோவுக்கு ஆகாத பாத் வீட்டுக்கு ஆகிறது. சிங்கப்பூர் டாலர் டாலராகவே கிடக்கட்டும், கொண்டோ வாசல் அதை வைத்து எப்போது வேண்டுமானாலும் திறக்கும். மனைவிக்கு இதில் பாதி சம்மதம், மீதிப் பாதி அடுத்த வருடத்துக்கு வைத்திருக்கிறாள்.

போன மாதம் பதிவுக்குப் போனோம். பின்பக்கப் பட்டியலில் என் பெயரைத் தாய்லாந்து எழுத்தில் ஏற்ற வேண்டும். நமக்குத்தான் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாதே, கடவுச்சீட்டில் அந்த இடத்தில் அப்பா பெயர் இருக்கிறது. அதில் ழகரம் வேறு. அந்த எழுத்தர் மூன்று முறை என்னை உச்சரிக்கச் சொல்லி, கடைசியில் அவருக்குக் கேட்டபடி அடித்தார். கோவில்பட்டியைத் தாண்டி அதிகம் போகாத என் அப்பா, கோன் கெனில் ஒரு கருடன் போட்ட பத்திரத்தின் பின்பக்கத்தில் ஒரு எழுத்துக் குறைவாக உட்கார்ந்திருந்தார். மொழிபெயர்த்துச் சான்று பெற்ற கடவுச்சீட்டு நகலோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. அப்படியே விட்டிருந்தால் பிற்காலத்தில் நான்தான் அவன் என்று நிரூபிக்க அலைந்திருக்க வேண்டும். திருத்தித் தருகிறோம், மறுபடி வரிசை எண் எடுங்கள் என்றார்கள். எடுத்தோம், முன்னால் இருபத்திரண்டு பேர். மே பையிலிருந்து பிசின் அரிசிச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் உருட்டிக் கொடுத்தார்.